லயத்துக்கே தெரிந்த அடி

றோசாலியைப் பற்றிக் கேட்டால் எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். ஒன்றையும் நம்பாதீர்கள். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். நான் சொல்வதைக் கேளுங்கள்.

ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் லயம். ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள், காம்பராவுக்கு ஒரு குடும்பம். நடுச்சுவர் எதுவும் கூரையைத் தொடாது. முதல் காம்பராவில் மிளகாய் வறுத்தால் கடைசிக் காம்பராவில் இருமுவார்கள். றோசாலிக்கு ஒரு பக்கம் நான், மரக்கறி லொறி ஓட்டுகிற யேசுரத்தினம். மறுபக்கம் ரெங்கம்மா. அந்த அம்மாவின் வாயைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கதை முடியாது.

றோசாலி தேயிலைக் கொழுந்து பறிப்பவள். புருஷன் கொழும்புக்கு வேலைக்கென்று போய், அங்கேயே இன்னொரு குடும்பம் கட்டிக்கொண்டான், நாசமாய்ப் போனவன். இவள் மகள் நிலக்ஷனாவோடு ஒண்டியாக நின்றாள். பறித்த கொழுந்து நிறுவையில் குறைந்தால் கங்காணி அரைப்பேர் போடுவார். அன்றைக்கு அரைநாள் சம்பளம்தான். அப்படிப்பட்ட நாளிலும் அழ மாட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து டோலக்கை மடியில் போட்டுக்கொள்வாள்.

டோலக் கோயிலுடையது. வாசித்தவன் கட்டாருக்குப் போய்விட, அந்தக் கிறிஸ்மஸுக்குப் பாட்டுக்குழு தாளமில்லாமல் நொண்டியது. பொறுக்கமாட்டாமல் இவள் எழுந்துபோய் உட்கார்ந்தாள். பொம்பளை டோலக் அடிப்பதா என்று முணுமுணுத்தவர்கள் அடுத்த பாட்டுக்குள் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றிலிருந்து டோலக் இவள் கையில்தான்.

போன வருஷம் பதுளையில் ஒரு பண்பாட்டு நிலையம் தோல்வாத்தியப் போட்டி வைத்தது. தனியாக வாசிக்க வேண்டும். வாசிப்பது சொந்தமாக அமைத்ததாக இருக்க வேண்டும். முதலாவதாக வருகிறவருக்கு அந்த நிலையத்திலேயே பிள்ளைகளுக்குத் தாளம் பழக்குகிற வேலை.

"அண்ணே, இது மட்டும் கெடச்சிரட்டும். கூடையக் கொண்டுபோயி கங்காணி தலையில கவுத்துட்டு வாறேன்" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயந்தரமே தொடங்கினாள். அடேயப்பா! ஒரு துண்டை அடிப்பாள், நிறுத்துவாள், மாற்றுவாள், மறுபடி முதலிலிருந்து அடிப்பாள். எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ரெங்கம்மாவுக்கு நாடகம் பார்க்கிற நேரம் அது. பொறுத்துப் பார்த்தவள் விறகுக்கட்டையை எடுத்துச் சுவரில் டும் டும் என்று ரெண்டு போட்டாள்.

"ஏ றோசாலி! டிவியில என்னா பேசுறாங்கன்னே வெளங்கலடி! அடங்க மாட்டியா?"

இந்தப் பக்கம் டோலக் சட்டென்று நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம். அப்புறம் விட்ட இடத்திலிருந்து, முன்னைவிட வேகமாகக் கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் றோசாலி ரெங்கம்மாவின் வாசலுக்கு ஓடினாள்.

"அக்கா, நீங்க தட்டினீங்கல்ல, அந்த எடத்துல நிறுத்தினது அவ்வளவு நல்லா இருக்கு! அப்படியே வச்சுக்கிறேன்."

ரெங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் அந்த இடம் வரும்வரை காத்திருந்து, வேண்டுமென்றே ரெண்டு தட்டினாள். அதற்கடுத்த நாள் நானும் இந்தப் பக்கத்திலிருந்து தட்டினேன். பிறகு லயம் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கரண்டியாலும் வாளியாலும், அடுப்படியிலிருந்தும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையிலிருந்தும், அவள் நிறுத்துகிற இடத்தில் டும் டும். போட்டி வருவதற்குள் எங்கள் பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையில் அதை முழுதாக அடித்தார்கள்.

என் லொறியிலேதான் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனேன். அவளுக்கு நாங்கள் இல்லாமல் வேறு யார் இருக்கிறார்கள்? ரெங்கம்மா கல்யாணத்துக்குப் போகிற சேலையைக் கட்டியிருந்தாள்.

றோசாலி மேடையில் உட்கார்ந்து தொடங்கினாள். சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலில்கூட அவள் அப்படி வாசித்ததில்லை. முதலில் மெதுவாக, மழை தகரத்தில் விழத் தொடங்குகிற மாதிரி. பிறகு கை தெரியவில்லை. அந்த இடம் வந்தது. நிறுத்தினாள்.

மண்டபமே அதிர, நாங்கள் அத்தனை பேரும் காலால் தரையில் டும் டும் என்று மிதித்தோம்.

அவள் சிரித்தாள். அங்கே சத்தம் போடாதீர்கள் என்று எங்களிடம் சொல்லிவைக்க அவளுக்குத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? அந்த ரெண்டு தட்டு இல்லாமல் அவள் அதை ஒரு நாளும் வாசித்ததில்லை. அடுத்த தடவை அந்த இடம் வந்தபோது எங்கள் பிள்ளைகள் மிதித்ததோடு நிற்காமல், மிச்ச அடியையும் கையால் தட்டிக் கூடவே போனார்கள்.

முடிந்ததும் நடுவரம்மா ஒலிவாங்கியை இழுத்தார்.

"நல்லா வாசிச்சீங்க. ஆனா விதிப்படி இது சொந்த ஆக்கமா இருக்கணும். இது உங்க தோட்டத்துப் பழைய அடி போல இருக்கே?"

"இல்லீங்க. நான் கட்டினதுங்க."

"அப்படின்னா இத்தனை பேருக்கு எப்படித் தெரியும்? சின்னப் பிள்ளைகள்கூட ஒரு தட்டுத் தவறாம அடிக்கிறாங்களே."

"எங்க லயத்துச் செவுரு..." என்று தொடங்கினாள் றோசாலி. லயத்துச் சுவர் எப்படி இருக்கும் என்று அந்த அம்மாவுக்கு எங்கிருந்து விளங்கவைப்பது?

அப்போதுதான் ரெங்கம்மா எழுந்து நின்றாள், உதவி செய்கிறாளாம்.

"அம்மா, அந்தப் புள்ள பொய் சொல்ல மாட்டாங்க. இது எங்க லயத்து அடிதாங்க! எங்க எல்லாருக்கும் தெரியும். வேணும்னா நானே அடிச்சுக் காட்டவா?"

ஐயோ, பாவி! நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். நானும் எழுந்து கத்திப் பார்த்தேன். யார் கேட்டார்கள்? நடுவரம்மா தலையை ஆட்டிக்கொண்டே ஏதோ எழுதினார். பரிசு பண்டாரவளைப் பையன் சஜீவனுக்குப் போனது. நன்றாகத்தான் வாசித்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவனோடு ஓர் ஆள்கூட வரவில்லை. கூடத் தட்ட யாரும் இல்லாததால் அவனுடையது சொந்தமாகிவிட்டது. இதென்ன நியாயம்?

திங்கட்கிழமை காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி, "என்னா டீச்சர், வந்துட்டீங்களா?" என்றார். அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். டோலக்கைக் கோயிலில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். ஒரு சாயந்தரம் ரெங்கம்மா மனசு கேட்காமல் சுவரில் மெதுவாக ரெண்டு தட்டினாள்.

"இன்னொரு தரம் தட்டினா கைய ஒடிச்சிருவேன்!" என்று றோசாலி கத்தியது லயம் முழுக்கக் கேட்டது. ரெங்கம்மா அன்றிரவு சாப்பிடவில்லை.

இந்த மாசி மாதம் அந்தச் சஜீவன் எங்கள் லயத்துக்கு வந்தான். கையில் போன். தோட்டத்துப் பழைய அடிகளைச் சேர்த்து நிலையத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கப் போகிறானாம். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினான். அவன் கேட்டதும் எங்கள் பிள்ளைகள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அந்த அடியை அடித்துக் காட்டினார்கள். நிறுத்துகிற இடத்தில் காலை மிதித்தார்கள். அவன் எல்லாவற்றையும் பதிந்துகொண்டான்.

றோசாலி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நேரே அவளிடம் போனான்.

"அக்கா, அன்னைக்கே எனக்கு ஒரு சந்தேகம். இத யாரு கட்டினதுன்னு கீழ பேரு போடணும். சொல்லுங்கக்கா."

"ஏ புள்ள, பேரச் சொல்லு!" என்று என் வாசலிலிருந்தே கத்தினேன். ரெங்கம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

றோசாலி சுளகை ஒரு தட்டுத் தட்டி உமியை ஊதினாள். அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"யாரும் கட்டல தம்பி. அது பழைய அடி."