பின்வண்டி விளக்கு

என் அண்ணன் கிணற்றில் குதித்தபோது தண்ணீர் வற்றிக் கிடந்ததைப் பார்க்கவில்லை. கயிற்றுக் கட்டிலைக் கீழே இறக்கித்தான் அவனை மேலே தூக்கினார்கள். இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. தொட்டுப் பார்த்த வைத்தியர், மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். உட்கார வைக்கக் கூடாது, குலுக்கவும் கூடாது என்றார்.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, எழுமலையில் ஒரு பழைய வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். பருத்திப் பொதி இழுக்க இரண்டு சக்கரத்தில் ஒரு பின்வண்டியும் செய்து வைத்திருந்தார். காருக்குள் கட்டில் நுழையாது. பின்வண்டியில் நுழையும். ஆனால் அதைப் பகலில் மட்டுமே ஓட்டுவார் என்பதால் அதற்கு விளக்கு வைக்கவில்லை. இப்போது புறப்பட்டால் வழியிலேயே பொழுது அடைந்துவிடும். யுத்த காலம் அது. முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்பு பூசிய பட்டாளத்து லாரிகள் மதுரை ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தன. முன்னால் விளக்கில்லாமல் ஒரு வண்டி போனால், கிட்டே வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும்.

மாமா பின்வண்டியின் வால்பக்கம் ஒரு சிவப்பு விளக்கை முடுக்கினார். காரின் பின்விளக்கிலிருந்து ஒயர் இழுத்து, பம்பரில் ஒரு பிளக்குப் பெட்டி மாட்டினார். வண்டியைக் கழற்றும்போது ஒயரையும் பிடுங்கிக்கொள்ளலாம். கைவசம் இருந்தது ஒரே ஒயர்.

"வீட்டு விளக்குக்கு ரெண்டு கம்பி போகுமே, மாப்ள?" என்றார் அய்யா.

"ஒண்ணு போதும் மச்சான். கரண்டு திரும்பி வர்றதுக்கு வண்டி இரும்பு இருக்குல்ல. கார்ல மாட்டுற கொக்கி வழியா வந்துரும்."

பிளக்கைச் செருகியதும் விளக்கு எரிந்தது. அதன் பிறகுதான் கட்டிலை ஏற்றினார்கள். வண்டி லேசாக அசைந்ததற்கே அண்ணன் அலறினான்.

"கொக்கி அந்த இடி இடிக்குதே, எம்பிள்ள எப்படிடா தாங்கும்?" என்று அம்மா அழுதாள்.

மாமா பழைய சைக்கிள் டியூபை அறுத்துக் கொக்கியைச் சுற்றிக் கெட்டியாகக் கட்டினார். இடி குறைந்தது. விளக்கை மறுபடி யாரும் பார்க்கவில்லை.

அய்யா காரில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா பின்வண்டியில் அண்ணனின் தலைமாட்டில். என்னை விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை. நான் கால்மாட்டில், விளக்குக்கு மேலே உட்கார்ந்தேன்.

உசிலம்பட்டி தாண்டியதும் இருட்டத் தொடங்கியது. எட்டிப் பார்த்தேன். ரோட்டில் சிவப்பைக் காணோம். ஒரு பள்ளத்தில் சக்கரம் விழுந்தது. அண்ணன் "அம்மா" என்றான். உடனே புழுதியில் சிவப்பு விழுந்து மறைந்தது. அடுத்த பள்ளத்திலும் அப்படியே. அவன் கத்தினால் விளக்கு எரிகிறது, அவன் அடங்கினால் அணைந்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ரப்பர் விலகி இரும்பும் இரும்பும் தொடுவது அந்த இடியில் மட்டும்தான் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பின்னால் தூரத்தில் லாரிச் சத்தம் கேட்டது. நான் வாயைத் திறக்காத பிள்ளை. அன்று திறக்க நினைத்தும் சத்தம் வரவில்லை.

லாரி எங்களை உரசுகிற மாதிரி ஒதுங்கிப் போனது. அதன் காற்றில் அம்மாவின் முந்தானை என் முகத்தில் அடித்தது.

"வெளக்கு எங்கய்யா? சாகப் போறீங்களா?" என்ற குரல் புழுதிக்குள்ளிருந்து வந்தது.

மாமா காரை ஓரங்கட்டி இறங்கினார். கொக்கியைத் தடவியதும் தலையில் அடித்துக்கொண்டார். "ரப்பரச் சுத்துனது நான்தான் மச்சான். வழிய நானே அடைச்சுட்டேன்."

"ரப்பர அவுத்துட்டா?"

"வெளக்கு எரியும். பய தாங்க மாட்டான்."

காரையும் பின்வண்டியையும் தொடுகிற மாதிரி இன்னொரு கம்பி போதும் என்றார். கம்பிக்கு எங்கே போவது? வேலி எல்லாம் கள்ளி. என் கால் தண்டையைக் கழற்றிப் பார்த்தார்கள், எட்டவில்லை. அதற்குள் பின்னால் இன்னொரு சத்தம். மாமாவின் கை அண்ணனின் இடுப்புக்குப் போனது. அங்கே அவனுடைய வெள்ளி அரைஞாண்கொடி இருந்தது.

அம்மா அந்தக் கையை ஓங்கித் தட்டிவிட்டாள்.

"உசுரோட கெடக்குற புள்ள அரணாக்கொடிய அவுக்கிறயே, நீ தாய்மாமனாடா?"

அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. வெள்ளி தொலைந்துவிடும் என்றுதான் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். மாமா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நின்றார்.

அய்யா எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வேட்டியைத் தளர்த்தி இறுக்கிக் கட்டினார். திரும்பியபோது அவர் கையில் தடித்த வெள்ளிக்கொடி ஒன்று தொங்கியது.

"இந்தா மாப்ள. சட்டுன்னு கட்டு."

மாமா வாங்கத் தயங்கினார். "மச்சான்..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"கட்டுடான்னா."

ஒரு முனை காரின் பம்பரில், மறு முனை பின்வண்டிச் சட்டத்தில். சிவப்பு பளிச்சென்று ரோட்டில் விழுந்தது. அதன் பிறகு அது அணையவே இல்லை. பின்னால் வந்த லாரி தூரத்திலேயே வேகம் குறைத்தது. எனக்குப் பயம் விட்டது. அய்யாவிடமும் இவ்வளவு வெள்ளி இருந்திருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு வந்தேன். அம்மா ஒரு தடவைகூட விளக்கைப் பார்க்கவில்லை. முன்னால் காருக்குள் தெரிந்த அய்யாவின் தலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் பிழைத்தான். ஒரு வருஷம் போல ஆகி, கம்பு ஊன்றி நடந்தான். மாமா கொடியைத் துடைத்துக் கொண்டுவந்து நீட்டியபோது அய்யா வாங்கவில்லை. "குடுத்தது குடுத்ததுதான். வண்டியிலயே கெடக்கட்டும்" என்றார். ஒரு வெள்ளிக்கொடியைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிற ஆளும் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

நான் வளர்ந்து பிள்ளைகள் பெற்ற பிறகு, அய்யா தூக்கத்தில் போனார். குளிப்பாட்டுகிற இடத்தைச் சேலையால் மறைத்திருந்தார்கள். செத்தவர் அரைஞாணை அறுப்பதற்காகக் கத்தியோடு உள்ளே போன பெரியப்பா, கொஞ்ச நேரத்தில் சேலையை விலக்கித் தலையை நீட்டினார்.

"ஏத்தா, இவன் இடுப்புல ஒண்ணும் இல்லையே. எப்ப அவுத்தான்?"

அம்மா, வாசலில் கம்பை ஊன்றி நின்றுகொண்டிருந்த அண்ணனைப் பார்த்தாள்.