வயிற்றுவலி என்று சொல்லிப் போனது

எட்டாவதுக்கு மேல் படிக்காதவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன். எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சுழிப் பக்கம் கிணறு வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். பாறைக்கு வெடி வைத்து, சிதறிய கல்லைக் கூடையில் மேலே இழுப்போம். ஒருநாள், வெடிக்காமல் கிடந்த குழியொன்று கூட்டாளி இறங்கிய பிறகு வெடித்தது. கூடைக் கயிறு என் கையில் இருந்தது.

அதிலிருந்து பெரிய சத்தம் கேட்டால் உடம்பு என் சொல் கேட்பதில்லை. கோயில் பொங்கலில் வேட்டுப் போட்டபோது நின்ற இடத்திலேயே வேட்டி நனைந்துவிட்டது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கிணற்றில் செத்தவர் பிடித்துக்கொண்டார் என்று வேப்பிலை அடித்துக் கயிறு கட்டினார்கள். அந்த வாரமே ஒரு பஸ் டயர் வெடித்து மறுபடியும் நனைந்தேன்.

அருப்புக்கோட்டை டாக்டர், மதுரையில் மனசுக்கு வைத்தியம் இருக்கிறது, போய்ப் பார் என்றார். எங்கள் பக்கம் அதற்குப் பைத்தியம் என்றுதான் அர்த்தம். பெண் கொடுத்தவர்கள் காதுக்குப் போனால் என்ன ஆகும்? மனைவியிடம்கூட வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

காரியாபட்டியில் ஏறியது மனைவியின் அண்ணன். அவரிடமும் வயிற்றுவலி, மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றேன்.

“என்ன மாப்ள, ஆஸ்பத்திரிக்குத் தனியாவா போறீக? நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?”

சீக்காளியைத் தனியே அனுப்புவது எங்களில் கிடையாது. அவர் தன் சோலியை விட்டுவிட்டு என்னோடு வந்தார். வயிற்று டாக்டரிடம் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். டாக்டர் அழுத்திய இடமெல்லாம் வலிக்கிறது என்றேன். நாளைக்குக் காலையில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், இன்று இங்கேயே படுத்துக்கொள் என்றார். மச்சான் எனக்குத் துணையாக ராத்திரி தங்குவதாகச் சொல்லி, பாய் வாங்கக் கிளம்பினார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. வராந்தாவில் அவரை நிறுத்தினேன்.

“மச்சான், வயித்துல ஒன்னுமில்ல. அந்தக் கிணத்துச் சத்தம் தலைய விட்டுப் போகல. மனசு டாக்டரப் பாக்கத்தான் வந்தேன்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கொழாய விட்ருந்தா அதையும் முழுங்கியிருப்பீகளாக்கும்” என்றார். “இருங்க, அந்த டாக்டரு எங்கன்னு கேட்டுட்டு வாரேன்.”

மனசு டாக்டர் மச்சானை வெளியே இருக்கச் சொன்னார். கிணற்றில் என்ன நடந்தது என்று கேட்டார். கயிறு வரைக்கும் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. ஆம்பளை அழுவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று தலை நிமிரவில்லை. மிச்சத்தை அடுத்த வாரம் வந்து சொல்லு என்று மாத்திரை எழுதினார்.

திரும்பும்போது, தங்கையிடம் சொல்வாரா என்று மச்சானைக் கேட்க நாக்கு எழவில்லை. அவர் காரியாபட்டியில் இறங்கிக்கொண்டார். அன்று இரவு என் மனைவியிடம் நானே சொன்னேன்.

மறுநாள் வெயில் ஏறும்வரை தூங்கினேன். அவள் எழுப்பவில்லை.