காஹாங் வரை ஒரு கட்டைவிரல்

நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காஹாங் போனது ஊர் சுற்றும் ஆசையில் இல்லை. வீடு ஜொகூர் பாருவில்; நான் தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறேன். ஒன்றரை வயது மகள் யாழினியைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்பவர் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா, ரோகானி மக்சிக். மலாயில் மக்சிக் என்றால் அத்தை. பெருநாளுக்குச் சொந்த ஊரான காஹாங் போனவர் எங்களையும் அழைத்திருந்தார். பூட்டிய அவர் வீட்டைப் பார்த்துப் பார்த்து யாழினி அழுதாள். சரி, கிளம்பினோம்.

ஜொகூர் பாருவிலிருந்து காலை ஏழரைக்குப் புறப்பட்டால் நெரிசலில் மாட்டாமல் தப்பிக்கலாம். குளுவாங்கில் ரொட்டியும் கோப்பியும், இருவருக்கும் பதினான்கு ரிங்கிட். அங்கிருந்து காஹாங் சுமார் நாற்பது கிலோமீட்டர், வழி நெடுக எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். குலை ஏற்றிய லாரிகளை முந்த அவசரப்படாதீர்கள்.

லாரியைக் கண்டதும் யாழினி வழக்கம்போல நாலு விரலையும் மடக்கி, கட்டைவிரலால் காட்டினாள். மலாய்க்காரர்கள் அப்படித்தான் காட்டுவார்கள். ஆட்காட்டி விரலை நீட்டினால் மரியாதைக் குறைவு. எல்லாம் மக்சிக்கிடம் கற்றது. என் பிள்ளை முதன்முதலாக ஒன்றைச் சுட்டிக் காட்டியதைப் பார்த்ததும் அவர்தான், நான் இல்லை. வயிறு எரியாதா? ஆட்காட்டி விரலைப் பிரித்துவிட்டு, "இப்படிக் காட்டுடா" என்றேன். மறுபடியும் மடக்கிக்கொண்டாள்.

"விடு லா, நல்ல பழக்கம்தானே" என்றார் வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரர்.

"நீங்க ரோட்டைப் பாருங்க!"

மக்சிக் வீட்டில் ரெண்டாங் கறியின் மணம் வாசலுக்கே வந்தது. அவருடைய தங்கை யாழினியிடம், "மானா அம்மா?" என்று கேட்டார். அம்மா எங்கே? யாரைக் காட்டுவாளோ? அவள் சுற்றிப் பார்த்து, கட்டைவிரலால் என்னைக் காட்டினாள்.

ஜெயித்துவிட்டேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "மக்சிக் எங்கடா?" என்று நானே கேட்டேன். யாழினி கையைத் தூக்கவே இல்லை. தத்தித் தத்தி நடந்துபோய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

மக்சிக் சங்கடப்பட்டுவிட்டார். "அலமாக்! தினமும் போனில் உன் படத்தைக் காட்டி, இதுதான் அம்மா என்று சொல்லித்தானே ஊட்டுகிறேன்" என்றார் மலாயில். ஆக, என்னைக் காட்டவும் அவர்தான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

போகிறவர்களுக்கு: பெட்ரோலும் டோலும் போய்வர அறுபது ரிங்கிட் ஆகும். கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஆட்காட்டி விரலை மடக்கி வையுங்கள். பொறாமையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றும் எழுத ஆசைதான். ஆனால் திரும்பும்போது, தூங்கும் மகளின் கட்டைவிரலை வீடு வரும்வரை கைக்குள் பொத்தி வைத்திருந்தவள் நான்.