மீராசாஹிபு மறைத்த பச்சை

கல்முனைக் கடைத்தெருவில் நாற்பது வருடம் சேலை விற்ற மீராசாஹிபுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். இடப்பக்கத் தட்டில் பச்சை, வலப்பக்கத் தட்டில் சிவப்பு என்று மனப்பாடம் செய்து காலத்தை ஓட்டினார். தட்டை மாற்றி அடுக்கியவர்கள் அவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். விஷயம் தனக்கும் படைத்தவனுக்கும் மட்டுமே தெரியும் என்று நம்பியிருந்தார்.

கடையில்தான் அந்த அதிகாரம். வீட்டில் அவர் விருந்தாளி. வீடு மனைவி ஸுஹைறாவின் சீதனம். ஊர் வழக்கப்படி குடி என்ற வம்சப்பெயர் தாய்வழியே போவதால் பிள்ளைகளும் அவளுடைய குடி. அதை அவள் சோற்றோடு சேர்த்துத் தினமும் பரிமாறுவாள்.

அந்த வீட்டுப் பேரன் றினாஸ் ஒருநாள் கிளிப் படத்துக்கு மண்ணிறம் பூசிக்கொண்டு பள்ளியிலிருந்து வந்தான். மீராசாஹிபுதான் கண் டொக்டரிடம் கூட்டிப்போனார்.

"பரம்பரைக் குறை," என்றார் டொக்டர். "உடம்புல ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் நாற்பத்தாறு குரோமோசோம் இரிக்கி. பாதி உம்மா தந்த, பாதி வாப்பா தந்த. நிறம் பார்க்கிறதுக்கான தகவல் எக்ஸ் எண்ட குரோமோசோமில. ஆம்புளப் புள்ளைக்கு அது உம்மாக்கிட்ட இருந்துதான் வரும். வாப்பா குடுக்கிறது வை எண்ட குரோமோசோம்."

"உம்மாக்கு எங்கால வந்த?"

"அவட உம்மா ஒண்டு, வாப்பா ஒண்டு குடுப்பாங்க. உங்களுக்குச் சிவப்பு பச்சை தெரியுமா?"

"நான் சேலைக்கடைக்காரன், டொக்டர்," என்று மழுப்பினார்.

வீட்டில் பரம்பரை என்ற சொல்லை மட்டும் சொன்னார். அது போதுமாக இருந்தது.

"எங்கட குடியில இப்பிடிக் குறை இல்ல. மருமகன்ட பக்கத்தாலதான் வந்திரிக்கும்," என்று ஸுஹைறா மூன்று நாள் ஓயவில்லை. மருமகன் ஜெஸீம் வாயில்லாப் பூச்சி. நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் புறப்பட்டான். மகள் அஸ்னா வாசலில் நின்று அழுதாள்.

மீராசாஹிபுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மானம் போனால் போகட்டும், மகள் வாழவேண்டும்.

"மருமகன், பைய வையுங்க. இது என்ட குறை. எனக்கும் சிவப்பு பச்சை தெரியா. நான் மகளுக்குக் குடுத்த, அவ மகனுக்குக் குடுத்திரிக்கா."

ஜெஸீம் பையை வைத்தான். ஸுஹைறா கணவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கலியாணத்துக்குப் பச்சைச் சேலையெண்டு சிவப்பக் கொண்டு வந்தீங்களே, அண்டைக்கே எனக்குத் தெரியும். எங்கட குடியயும் பார்த்தன், மருமகன்ட பக்கத்தயும் பார்த்தன். உங்கள மறந்தே போனன்."

மீராசாஹிபு பேரனின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் அவருடையது என்று ஒன்று இருந்தது. அது தென்னோலைக்கு மண்ணிறம் தீட்டிக்கொண்டிருந்தது.

"வடிவாயிரிக்கி," என்றார்.