மாமன் மடியும் சென்னை ஆராய்ச்சியும்

1960 ஆவணியில் எங்கள் மகளுக்குக் காது குத்துவதென்று முடிவாயிற்று. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். என் மனைவிக்கு ஒரே அண்ணன், கொடும்பாளூரில் இருந்தார். அந்த ஆண்டு தை மாதம் அவருக்குக் காசநோய் என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அன்றுமுதல் வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டுவந்தார்.

எங்களோடு இருந்த என் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணுவிட்ட மாமன் மடியில வச்சா காதுல ஓட்டை விழாதாக்கும்?"

"விழும் மதினி. ஒங்க புள்ளைகளுக்கு மட்டும் கூடப்பொறந்த தம்பி மடிதான் வேணும்னு நின்னீங்களே?" என்றாள் என் மனைவி.

"என் தம்பி இருமலையே!"

மனைவி உள்ளே போய்விட்டாள். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

அக்காவைக் குறை சொல்ல முடியாது. 1948இல் அவள் கணவர் போனது இதே நோயில்தான். இந்த மாத்திரையெல்லாம் வருவதற்கு முந்தைய காலம்.

சென்னையில் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றி அதற்குச் சில மாதம் முன்பு ஒரு பத்திரிகையில் படித்திருந்தேன். ஏழைக் காசநோயாளிகளில் பாதிப் பேரை நல்ல சாப்பாடும் ஓய்வும் கிடைக்கும் சானடோரியம் என்ற ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மீதிப் பேருக்கு அவரவர் குடிசையிலேயே மருந்து கொடுத்தார்கள். யார் எங்கே என்பது சீட்டுக் குலுக்கியதுபோல முடிவாயிற்று. ஓர் ஆண்டு கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரேபோலத் தேறியிருந்தது. என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது அடுத்த செய்திதான். நோயாளியோடு ஒரே குடிசையில் படுத்து எழுந்தவர்களுக்கு, சானடோரியம் போனவர்களின் வீட்டாரைவிட அதிகமாக நோய் வந்துவிடவில்லை.

படித்ததை நம்பி மட்டும் குழந்தையைக் கொடுக்க மனம் வரவில்லை. மச்சானையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸேறிப் புதுக்கோட்டை டாக்டரிடம் போனேன். அவர் மச்சானின் சளியைச் சோதிக்க அனுப்பினார். கிருமி இல்லை என்று முடிவு வந்தது.

"வீட்ல எப்படி வச்சிருக்கீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தனித் தட்டு, தனி டம்ளர்" என்றார் மச்சான். "குளுந்த காத்துப் படக்கூடாதுன்னு சன்னல எப்பவும் சாத்தித்தான் வச்சிருக்கு."

டாக்டர் சிரித்துவிட்டார். "தட்டைப் பிரிச்சுட்டுக் காத்தை அடைச்சு வச்சிருக்கீங்க! இது இருமுற காத்துல பரவுற நோய்ங்க. முதல்ல சன்னலைத் தெறங்க. மருந்து ஆரம்பிச்சாலே மத்தவங்களுக்குத் தொத்துறது வெரசாக் கொறைஞ்சுபோகும். கூட இருந்தவங்களுக்குத் தொத்துனதெல்லாம் பெரும்பாலும் நோய் தெரியிறதுக்கு முன்னாடியே தொத்துனதுதான்."

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் சாத்தித்தான் வச்சிருந்தோம். நான் கூடவே கெடந்தேன். எனக்கு ஏன் வரலை?"

"கிருமி உள்ள போன முக்காவாசிப் பேருக்கு நோயா வர்றதில்லைம்மா. ஒடம்பே அதைச் சுத்திச் சுவர் எழுப்பி அடைச்சு வச்சிரும். ஏன் செலருக்கு மட்டும் ஒடையுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

பஸ்ஸில் திரும்பும்போது அக்கா வெளியே பார்த்தபடி வந்தாள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "ஒங்க அண்ணனையே வரச் சொல்லு" என்றாள்.

காது குத்து அன்று மச்சான் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆசாரி ஊசியை இறக்கியதும் குழந்தை வீறிட்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்தது. அவர் மூச்சு படாமலிருக்கக் கழுத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தச் சென்னைக் குடிசைக்காரர்களை நான் அப்போது நினைத்துக்கொண்டேன். எந்தப் பக்கம் விழுந்தாலும் சரியென்று சீட்டுக்குச் சம்மதித்தவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் பத்திரிகையில் இல்லை. யாருக்கென்று நன்றி சொல்வது? எல்லாருக்கும்தான்.

"மூஞ்சிய ஏன் அங்கிட்டுத் திருப்புறீங்க?" அக்காவின் குரல் கேட்டது. "புள்ளை அழுகுது. மாமன் நீங்க பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

அவர் துண்டை அவிழ்த்துக் குழந்தையின் கண்ணைத் துடைத்தார்.