மரியதாஸ் கிராணி கோட்டில்லாமல் நின்ற நாள்

ஆயர் தாவாரிலிருந்து அஞ்சலட்டை செவ்வாய்க்கிழமைத் தபால் பையில் வந்தது. ரப்பர் தோட்ட ஆபீசில் தபால் பையைத் திறப்பது குமாஸ்தாக்களுக்கெல்லாம் தலைவரான பெரிய கிராணியின் வேலை. அதாவது இப்போது என் வேலை. அட்டையின் நாலு மூலையிலும் கறுப்பு மை தடவியிருந்தது. மரியதாஸின் மருமகன் எழுதியிருந்தார். மாமா சனிக்கிழமை காலமானார், ஐந்து நாள் காய்ச்சல், அடக்கப் பூசை நல்லபடி முடிந்தது, தெரிந்தவர்களுக்குச் சொல்லவும்.

தெரிந்தவர்களுக்குச் சொன்னேன். ஸ்டோர் கிராணி தலையை ஆட்டிவிட்டு, "நல்ல மனுசன். குடிச்சிட்டுத் துரை முன்னாடி போயி நின்னாரு, வேலை போச்சு. என்ன செய்யிறது, தலையெழுத்து," என்றார். தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கவனிக்கும் டிரசரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் தாழ்ந்த குரலில். நாலு வருடமாக இந்தக் கதை ஈப்போவுக்கும் கோலா கங்சாருக்கும் நடுவே உள்ள தோட்டங்களில் எல்லாம் உலாவிக்கொண்டிருக்கிறது. அது பொய் என்று தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டிருந்தவனும் நான்தான். அவரை அறிந்த வாசகர்களாகிய உங்களுக்கு நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

மரியதாஸ் எங்கள் தோட்டத்தில் பதினான்கு வருடம் பெரிய கிராணி. நான் அவருக்குக் கீழே சின்னக் கிராணி. விடிவதற்கு முன்னால் ஆட்கள் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள். நான் பேர் வாசிப்பேன், அவர் எண்ணுவார். முகத்தைப் பார்க்கமாட்டார், நடையைத்தான் பார்ப்பார். ஒரு நாள் முனியன் என்ற பேருக்கு அவன் தம்பி குரல் கொடுத்துவிட்டு நடந்தான். நாலு எட்டு வைப்பதற்குள் இவர் பிடித்துவிட்டார். "உங்கண்ணன் எங்கடா?" என்று கேட்டார். "காச்சலுங்க," என்றான். கங்காணி பிரம்பைத் தூக்கினார். மரியதாஸ் அவர் கையைத் தாழ்த்திவிட்டு டிரசரை ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்கு அனுப்பினார். "நம்பர் தப்பாப் போனா அழிச்சு எழுதலாம், வேலு. ஆளு தப்பாப் போனா அழிக்க முடியாது," என்று அன்றைக்கு என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த பேரை வாசிக்கச் சொன்னார்.

இனி கோட்டு விஷயம். தோட்டத்துச் சட்டம் உங்களுக்குத் தெரியும். துரை எதிரே வந்தால் ஆள் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும், குடையை மடக்க வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்க வேண்டும். கிராணிக்கு அதற்கு நேர் எதிர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு இல்லாமல் துரை கண்ணில் படக்கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடைமழை. துவைத்த கோட்டு காயவில்லை. சட்டையோடு போய் ஆபீஸ் வராந்தாவில் நின்றேன். துரை கைத்தடியால் வெளியே காட்டினார். மழையில் மத்தியானம்வரை நின்றேன். மரியதாஸ் அன்று மாலை ஈரக் கோட்டைத் தணலில் காயவைப்பது எப்படி என்று செய்து காட்டினார். பிறகு சிரித்தார். "இந்தக் கோட்டுக்குத்தான் வேலை குடுத்திருக்கான். நாம அதுக்குள்ள இருக்கோம், அவ்வளவுதான்," என்றார்.

நாலு வருடத்துக்கு முன் துரை ஆறு மாத லீவில் சீமைக்குப் போனார். திரும்பி வந்தபோது ஒரு புதுக் கொள்கையோடு வந்தார். அங்கே ஒரு கூட்டம் இருக்கிறதாம். உடுப்புத்தான் மனிதனுடைய வியாதிகளுக்கெல்லாம் வேர், வெயிலும் காற்றும் உடம்பில் நேராகப் பட்டால் ஆயுசு கூடும் என்கிறார்களாம். துரை இங்கேயும் ஒரு சங்கம் சேர்த்தார். பக்கத்துத் தோட்டத் துரைமார், ஈயச் சுரங்கத்து என்ஜினீயர்கள் என்று பதினோரு பேர் சேர்ந்தார்கள். நம் ஊர்ச் சாமியார்கள் எந்தச் சீமைக்கும் போகாமலே இதைச் செய்து வந்தார்களே என்று மரியதாஸிடம் சொன்னேன். "அவங்க கூடாரம் அடிக்க ஆள் கேக்கலையே," என்றார்.

கூடாரம் அடிக்க எங்களைத்தான் கேட்டார்கள். தோட்டத்தின் கோடியில், மலையடிவாரத்து ஆற்றங்கரையில், ஒரு சனிக்கிழமை ஆறு கூடாரம் அடித்தோம். ஆட்கள் யாரும் அந்த இரண்டு நாளும் ஆற்றுப் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. ஞாயிறு காலை ஓட்டப் பந்தயம். ஓடும் வழி தெரியப் பழைய பெரட்டுத் தாள்களைக் கிழித்துத் துணுக்குத் துணுக்காகப் பால்மரக் காட்டிலும் அதற்கு அப்பால் புதரிலும் தூவச் சொன்னார்கள். நானும் அவரும் தூவினோம். எத்தனையோ ராமாயி, எத்தனையோ கருப்பையா, எல்லாம் மண்ணில் விழுந்து கிடந்தார்கள். ஓடுகிறவர்கள் காட்டில் வழி தப்பிவிடாமல் போகும்போதும் வரும்போதும் எண்ணிக்கொள்ள ஆள் வேண்டும் அல்லவா? மரியதாஸைவிட எண்ணத் தெரிந்தவர் யார்? ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விட்டுவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் பூசையை விட்டது அந்த ஒரு தடவைதான்.

கூடாரங்களைச் சுற்றி மரத்துக்கு மரம் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு உள்ளே உடம்பில் நூல் இருக்கக்கூடாது என்பது சங்கத்தின் விதி. சமைக்க வந்த ஹைனான்காரக் குக்குக்கு மட்டும், எண்ணெய் தெறிக்கும் என்பதால், முன்பக்கம் ஒரு துணி கட்ட அனுமதி. நாங்கள் காலை எட்டு மணிக்குப் போனோம். துரை கயிற்றுக்கு உள்ளே நின்றார். பதினான்கு வருடம் தோட்டத்தையே நடுங்கவைத்த மனிதர், தேங்காய்ப் பத்தை நிறத்தில் நின்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"கிராணி, கோட்டுக் கழட்டு. எல்லாம் கழட்டு. உள்ளே வா," என்றார் துரை. அவருக்குத் தோட்டத் தமிழ் நன்றாக வரும்.

"நான் கயித்துக்கு வெளியிலயே நின்னு எண்ணிக்கிறேன், துரை," என்றார் மரியதாஸ்.

"வெளியே நின்னா சட்டம் உடையும். இங்கே எல்லாரும் ஒண்ணு. துரை இல்லே, கிராணி இல்லே."

"எல்லாரும் ஒண்ணுன்னா, நான் மாட்டேன்னு சொல்றதும் சரிதானே, துரை?"

துரையின் முகம் சிவந்தது, முகம் மட்டுமல்ல. "திங்கக்கிழமை நான் துரை. ஞாபகம் வச்சுக்கோ," என்றார்.

"அப்படின்னா இன்னிக்கும் துரைதான்," என்றார் மரியதாஸ். கோபமில்லாமல்தான் சொன்னார். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவளுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம். குடியிருந்தது தோட்டத்து வீடு. வேலை போனால் வீடும் போகும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

துரை என் பக்கம் திரும்பினார். நான் என்ன செய்தேன் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். கழற்றினேன். கோட்டு, சட்டை, வேட்டி, கடைசியில் கோவணம். என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் அந்த நேரத்தில் அவள் நினைப்பே எனக்கு வரவில்லை; பயம்தான் இருந்தது. பென்சிலை வைக்கப் பை இல்லை. காதில் செருகிக்கொண்டேன். மரியதாஸ் என் துணிகளை வாங்கி மடித்துக் கயிற்றுக்கு வெளியே ஒரு பாறைமேல் வைத்தார். பிறகு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பதினோரு பேர் ஓடினார்கள். முக்கால் மணி கழித்துத் திரும்பத் தொடங்கினார்கள். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. துரைமாரை நான் இதுவரை தொப்பியால்தான் அடையாளம் கண்டிருக்கிறேன். இவர் அகலத் தொப்பி, அவர் பச்சைக் காலுறை, இன்னொருவர் வாயில் புகையும் சுங்கான். அவையெல்லாம் இல்லாமல், சேறும் வியர்வையுமாக வந்தவர்கள் எனக்கு ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். ஒருவர் வந்து, ஆற்றில் முங்கிவிட்டு, மறுபடி வந்தார். அவரை இரண்டு தடவை எண்ணினேன். பதினொன்று என்று சத்தமாகச் சொன்னேன். கை தட்டினார்கள். பீர் போத்தல்களைத் திறந்தார்கள்.

"வேலு, பத்துதான்," என்றது கயிற்றுக்கு வெளியிலிருந்து ஒரு குரல். முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் எப்போது திரும்பினார் என்று தெரியாது. "லகாட் துரை வரல. இடது காலை இழுத்து நடப்பாரே, அவரு."

லகாட்டில் ஈயச் சுரங்கம் நடத்தும் என்ஜினீயர் அவர்; சண்டையில் காலில் குண்டு பட்டவர். எங்கள் துரை நம்பவில்லை. உள்ளே இருப்பவன் பதினொன்று என்கிறான், வெளியே இருப்பவனுக்கு என்ன தெரியும் என்றார். நான் அப்போதாவது, என் கணக்குத் தப்பு, எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மரியதாஸ் இன்னொரு தடவை எங்களைப் பார்த்துவிட்டு, கிழிந்த தாள்களின் வழியே தனியாகப் புதருக்குள் போனார்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் மற்றவர்களும் ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்துவிட்டுப் பேச்சு அடங்கி உட்கார்ந்திருந்தார்கள். மரியதாஸ் லகாட் துரையைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார். யாரோ எப்போதோ ஈயம் தேடித் தோண்டி மூடாமல் விட்ட குழியில் விழுந்திருக்கிறார். மார்வரை தண்ணீர், கணுக்கால் முறிவு, கையில் ஒரு வேர். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வேரும் கையைவிட்டுப் போயிருக்கும் என்று அவரே சொன்னார். அவர் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த உடம்பின்மேல் கழுத்துவரை பொத்தான் போட்ட மரியதாஸின் வெள்ளைக் கோட்டு. மற்றவர்கள் கயிற்றைத் தாண்டி உள்ளே தூக்கி வந்தபோதும் லகாட் துரை அதைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மரியதாஸ் வெளியே, ஈரப் பனியனும் சேறு படிந்த வேட்டியுமாக, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றார். கோட்டில்லாமல் துரை முன்னால் அவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. என் கோலத்துக்காக மட்டும் அல்ல.

திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டுக் கடிதம் எழுதச் சொன்னார். கயிற்றுக்கு உள்ளே வர மறுத்தான் என்று எந்தத் தாளில் எழுதுவது? துரை கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொல்லச் சொல்ல நான் என் கையால் எழுதினேன். பெரிய கிராணி மரியதாஸ், முறையான உடையின்றி மானேஜர் முன்னிலையில் வந்து நின்ற காரணத்தால், இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். அவ்வளவுதான் கடிதம். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அதிலுள்ள அநியாயம். முறையான உடையின்றி என்ற அந்த இரண்டு வார்த்தையிலிருந்துதான் நம் ஆட்கள் கள்ளுக்கடையைக் கண்டுபிடித்தார்கள். லகாட் துரை கால் கட்டோடு அடுத்த மாதமே சீமைக்குக் கப்பல் ஏறினார். போவதற்கு முன் எங்கள் துரையிடம் ஏதாவது பேசினாரா என்று எனக்குத் தெரியாது.

மரியதாஸ் கடிதத்தைப் படித்தார். கையெழுத்தைப் பார்த்ததும் என்னுடையது என்று தெரிந்துகொண்டிருப்பார். மூன்று நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆயர் தாவாரில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியின் ரப்பர் கடைக்கு எழுத்து வேலைக்குப் போனார். மூத்தவளின் கல்யாணம் அங்கேதான் நடந்தது. நான் போகவில்லை.

போன வருடம் ஈப்போ ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அதற்குள் என் நடையைப் பார்த்துவிட்டார். பெஞ்சில் இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"அண்ணே, நடந்ததைச் சொல்லியிருக்கலாம்ல? குடிகாரன்னு பேராயிருச்சே," என்றேன்.

"சொன்னா, கயித்துக்கு உள்ள யாரு யாரு நின்னாங்கன்னு கேப்பாங்க. உன் பேரு வரும்லா. அப்புறம் நீ பேரு வாசிச்சா எவன் 'வந்தேன்'னு சொல்லுவான்?" என்றார். பிறகு, "புள்ளை என்ன, பையனா, பொண்ணா?" என்று கேட்டார்.

"பொண்ணு, அண்ணே."

"நல்லது," என்றார். தைப்பிங் வண்டி வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

இறந்துபோனவர் நமக்கு எதை விட்டுப்போனார் என்று இங்கே சொல்ல வேண்டும். அவருடைய பொறுமையை விட்டுப்போனார், நேர்மையை விட்டுப்போனார் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவை என்னிடம் இல்லை. அவரிடமிருந்து வந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவருடைய வேலை. அந்தத் திங்கட்கிழமை, கடிதத்தின் மை காய்வதற்குள், துரை எனக்கு அதைக் கொடுத்தார்; நான் வாங்கிக்கொண்டேன். இது அச்சில் வந்த பிறகு அதுவும் என்னிடம் இருக்காது. மரியதாஸ் குடித்துவிட்டு நிற்கவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர்களிடமும் சொல்லுங்கள்.