கிடை அச்சில் இருந்தது மழை இல்லை

முருகனை நம்பி வாழும் எல்லோருக்கும் வணக்கம். கடந்த ஐப்பசியில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். பெருமைப்பட ஒன்றும் இல்லை. வெட்கம்தான் அதிகம்.

1. நான் வேலை பார்க்கும் ஏலக்காய் எஸ்டேட்டுக்குள் ஓர் ஓடை இருக்கிறது. காய் எடுக்கும் பெண்களை ஏற்றிவரும் ஜீப் அதில் இறங்கித்தான் தார்ரோட்டுக்கு ஏற வேண்டும். உச்சியில் மழை பெய்தால், கொஞ்ச நேரம் கழித்து ஓடையில் திடீரென்று வெள்ளம் வரும்.

2. நான் கருவியியல் டிப்ளமோ படித்தவள். உச்சியில் மழைமானியும் ஓடையில் நீர்மட்டக் கருவியும் வைத்து, எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர் வரும் என்று ஒரு வரைபடம் போட்டு மலைமேல் எஸ்டேட்டுக்கு அனுப்பினேன்.

3. அச்சுகளின் பெயர்களை நானே எடுத்துவிட்டேன். எண்கள் மட்டும் இருந்தால் படம் அழகாக இருந்தது.

4. அந்த ஜீப்பில் என் அம்மாவும் வருவார்.

அன்று மாலை மலையடிவாரத்தில், போடி ஊரில் உள்ள எஸ்டேட் அலுவலகத்தில் இருந்தேன். எஸ்டேட் கங்காணி செல்வம் அண்ணன் மேலிருந்து போன் செய்தார். அங்கே ஒரு பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும்.

"தங்கச்சி, மழைமானி நாப்பது காட்டுது. கிராப்புல எது மழை? கீழ இருக்குறதா, பக்கத்துல இருக்குறதா?"

"கீழதாண்ணே. எப்பவும் கீழதான் மழை."

"அப்பத் தண்ணி இருவதுதான். முழங்காலுக்குக் கீழ. வெரசா அனுப்பி விட்டுர்றேன்."

நான் சொன்ன விதி சரி. சாரா மாறி கிடை அச்சில், சார்ந்த மாறி செங்குத்து அச்சில். மழை யாரையும் கேட்டுப் பெய்வதில்லை. ஓடைதான் மழையைப் பார்த்து ஏறும். ஒன்பதாம் வகுப்புப் பாடம். அதனால்தான் படத்தைப் பார்க்காமலே பதில் சொன்னேன்.

போனை வைத்தபின் திரையில் படத்தைத் திறந்தேன். அட்டவணையில் நீர்மட்டத்தை முதல் பத்தியில் போட்டிருந்தேன். முதல் பத்தியை மென்பொருள் கிடை அச்சுக்குக் கொண்டுபோய்விட்டது. கீழே இருந்தது தண்ணீர். பக்கத்தில் இருந்தது மழை. நாற்பது மில்லிமீட்டர் மழைக்கு எண்பது சென்டிமீட்டர் தண்ணீர் வரும். அந்த வெள்ளத்தின் வேகத்துக்கு ஜீப் தாங்காது.

திரும்பத் திரும்ப அழைத்தேன். அண்ணன் பாறையை விட்டு இறங்கிவிட்டார். அம்மாவின் போனும் கிடைக்கவில்லை.

அலுவலகச் சுவரில் காலண்டர் முருகன் இருந்தார். முதலில் என் வாயில் வந்தது, "என்னக் காப்பாத்து முருகா." அம்மாவை அல்ல, என்னை. இதை எழுதவே கூசுகிறது. அப்புறம்தான் புத்தி வந்தது. "அவங்களத் தாமதமாக்கு. வேற ஒண்ணும் வேணாம், கொஞ்சம் தாமதமாக்கு" என்று கேட்டேன். வீட்டில் அம்மா கிளம்பத் தாமதமானால் கத்துகிறவள் நான்.

மேலே நடந்ததை மறுநாள் அம்மாவே சொன்னார். எல்லோரும் ஜீப்பில் ஏறிய பிறகு, தூக்குச்சட்டியைக் காட்டிலேயே மறந்தது நினைவு வந்து இறங்கிப் போயிருக்கிறார்.

டிரைவர், "யக்கோவ், ஒன் தூக்குச்சட்டிக்குத் தனி ஜீப்பு விடணுமாக்கும்?" என்று கத்தியிருக்கிறார்.

"போடா மாப்ளே, நீயா வாங்கிக் குடுத்த?" என்று சொல்லிவிட்டு அம்மா நடந்தாராம். பெண்கள் சிரித்தார்களாம். அம்மா சட்டியோடு திரும்பி வந்து, ஜீப் ஓடை வளைவுக்குப் போனபோது முன்னால் பாதையே இல்லை. ஒரு முழு மரம் வேரோடு உருண்டு போய்க்கொண்டிருந்தது. ஜீப்பைத் திருப்பிவிட்டார்கள். சட்டிக்காக நிற்காமல் போயிருந்தால் அந்நேரம் ஓடைக்கு நடுவில் இருந்திருப்பார்கள்.

அன்று இருட்டுவதற்குள் செல்வம் அண்ணன் மறுபடி பாறையில் ஏறிவிட்டார். "எல்லாரும் இங்கனதான் இருக்காக தாயி, பயப்படாத. மழை கூடிப்போச்சு போல, கிராப்பு பொய்யாயிருச்சு."

அவர் மழையின் மேல் பழியைப் போட்டார். அப்படியே விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கேட்டதைக் கொடுத்தவன் சுவரில் இருந்தான். "மழை கூடலண்ணே. நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றேன்.

"நான் கேட்டேன்ல, தாயி?" என்றார் அவர். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தப்பு நம் மேல் இருக்கும்போது எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்குகிறவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். எனக்கும் முகம் இல்லை. இருந்தும் கேட்டேன், கொடுத்தான். நீங்களும் கேளுங்கள்.

இப்போது புதிய படத்தில் கீழே 'மழை', பக்கத்தில் 'ஓடைத் தண்ணி' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அம்மா அதே ஜீப்பில்தான் போய்வருகிறார். டிரைவர் என்னிடம் முன்போல் பேசுவதில்லை. மழை பெய்தால் செல்வம் அண்ணன் இன்னமும் போன் செய்து, "கீழ இருக்குறது மழைதான தங்கச்சி?" என்று கேட்கிறார். நான் எழுந்து போய், படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.